மடியில் ஏறிப் போன போர்

ஒரு முழுப் போரை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஒன்றரை மைல் போய் இறக்கி வைத்தவன் தான் என்று ஹாலிஸ் பர்டிக் சொன்னபோது, நார்மாவின் காபிக் கடையில் ஒருவர்கூட முட்டைத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“எந்தப் போருப்பா?” என்று கேட்டார் டுவேன் ரிக்ஸ், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

“ஆயிரத்தி எண்ணூத்திப் பன்னெண்டுப் போர். இங்கிலாந்துக்காரன் நம்ம அமெரிக்காவோட மோதினானே, அதான். கப்பல், பீரங்கி, குதிரை எல்லாத்தோடவும்.”

“குதிரை மடியில ஒண்ணுக்குப் போகலையா?”

கடையே சிரித்தது. அதில் கடையைக் குற்றம் சொல்ல முடியாது. நாற்பத்தொரு குளிர்காலம் பெக்ஸ் மில் ஊருக்காகப் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் ஹாலிஸ். ஏரிப் பக்கமிருந்து வரும் பனியை லாரியால் தள்ளியது பாதி, வாயால் குவித்தது மீதி. ஒரு ஜனவரியில் பனி அவ்வளவு உயரமாம், மெதடிஸ்ட் சர்ச்சுக்கு மேலேயே லாரியை ஓட்டிப் போய்க் கோபுரத்து இரும்புச் சேவலின் கொண்டையைச் சீவிவிட்டாராம். இன்னொரு தடவை, பனியில் புதைந்து கிடந்த பள்ளிப் பேருந்தை அப்படியே தள்ளிக்கொண்டு போய், உள்ளே இருந்த பிள்ளைகளுக்குத் தெரியாமலே பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினாராம். மாவட்டச் சந்தையில் பொய் சொல்லும் போட்டி ஒன்று வருடாவருடம் நடக்கும். ஏழு வருடம் தொடர்ந்து இவரே பரிசை வாங்கியதால், எட்டாவது வருடம் நடுவராக உட்கார வைத்துவிட்டார்கள். மற்றவர்களும் பிழைக்க வேண்டுமே.

ஆனால் இன்றைக்கு ஹாலிஸ் சிரிக்கவில்லை. கல்லாவுக்கு மேலே ஒட்டியிருந்த அறிவிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டோன் ரோட்டில் லைல் கெய்ன்ஸுடைய மேட்டு வயலில் சரளைக் குவாரி திறக்க அனுமதி கேட்கப்பட்டிருக்கிறது. வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஊர் மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். திட்டக் குழுத் தலைவர், இதோ வெண்ணெய் தடவுகிற இதே டுவேன் ரிக்ஸ்.

“டுவேன், அந்த மேட்டுல கை வைக்கக் கூடாது. பதினோரு சிப்பாய்ங்க அங்கதான் படுத்திருக்காங்க.”

“அவங்க மில் ரோடு முக்குல படுத்திருக்காங்க ஹாலிஸ். இரும்புப் பலகை நிக்குதே, கண்ணு தெரியலையா? போன வாரம் நினைவு நாளுக்கு அங்க போய்த் துப்பாக்கி சுட்டு மரியாதை பண்ணினோம். நீயும் தொப்பியக் கழட்டிக்கிட்டு நின்னே.”

“அந்தப் பலகைய அங்க நட்டதே நான்தான்யா!”

“ஆமாமா. மடியில வச்சு.”

மறுபடி சிரிப்பு. ஹாலிஸ் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நார்மாவின் காபியை அவர் பாதியில் வைத்தது அந்தக் கடையின் வரலாற்றிலேயே முதல் தடவை. அதையாவது யாராவது கவனித்திருக்கலாம்.

வீட்டில் ஆர்டித் தக்காளி நாற்றுக்குக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, “நான் வந்து சாட்சி சொல்லட்டுமா?” என்றாள். “அந்தப் பலகை ரெண்டரை மாசம் நம்ம உருளைக்கிழங்கு சாக்குக்கு அடியில கெடந்துச்சு. நீலமும் மஞ்சளும் புதுசா அடிச்சுக் குடுத்தது நான்தானே.”

“நீ என் பெண்டாட்டி. என்கூட நாப்பத்தொம்பது வருஷம் குடும்பம் நடத்தினதுல உனக்கும் தொத்திக்கிச்சுன்னு சொல்லுவானுங்க.”

“அது நெசந்தானே. அப்போ ஊர்ல எல்லாரும் நம்புற ஆளு யாரு?”

இருவருக்கும் ஒரே பெயர்தான் வாயில் வந்தது. இருவர் முகமும் ஒன்றாகச் சுருங்கியது.

வெர்னா காஸ்லர் ஊரின் வரலாற்றாளர். நியூயார்க் மாநிலத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வரலாற்றாளர் இருந்தே தீர வேண்டும் என்பது சட்டம். அவருக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுத மறந்துவிட்டார்கள். அதனால் ஊர் மண்டபத்தில் கோட்டு மாட்டும் அறையை வெர்னாவுக்கு ஒதுக்கியிருந்தார்கள். முப்பது வருடம் லத்தீன் பாடம் நடத்திய டீச்சர். தேதியில் ஒரு நாள் பிசகினாலும் தூக்கம் வராது. யூட்டிகா நகரத்திலிருந்து எழுபத்தொன்பதாம் வருடம் குடியேறியவர் என்பதால், இருபத்தொன்பது வருடம் கழிந்தும் ஊரார் இன்னும் “புதுசா வந்த அம்மா” என்றுதான் சொல்வார்கள்.

“டீச்சர், ஒரு பாவமன்னிப்பு கேக்க வந்தேன்.”

“பாதிரியார் அடுத்த தெரு, மிஸ்டர் பர்டிக்.”

“அவர் மன்னிச்சுருவாரு. நீங்க மன்னிக்க மாட்டீங்கன்னுதான் உங்ககிட்ட வந்தேன்.”

வெர்னா பேனாவை மூடி வைத்தார். ஹாலிஸ் கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே நின்றுகொண்டே கதையைச் சொன்னார்.

எழுபத்தேழு பிப்ரவரி. முன்னால் இருப்பது என்ன, தன் மூக்கின் நுனிகூடத் தெரியாத வெள்ளைப் பனி. ஸ்டோன் ரோடா, மில் ரோடா, கனடாவா என்று அறியாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். டணார் என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் லாரியின் பனி தள்ளும் பக்கத் தகடு வரலாற்றுப் பலகையைக் கம்பத்தோடு முறித்துப் போட்டிருக்கிறது. ‘1812 போர்’ என்று மேலே கொட்டை எழுத்து. ‘இந்த மேட்டில், 1814 ஜனவரியில் காய்ச்சலால் இறந்த பதினொரு வீரர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்’ என்று கீழே. மேலதிகாரிக்குப் பயந்து அதைத் தூக்கி லாரிக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஏப்ரலில் பனி உருகியது. நினைவு நாளுக்குள் அதை நட்டாக வேண்டும். எந்த ரோட்டில் இடித்தோம் என்பது மட்டும் தெரியவில்லை. மேடு என்று பலகை சொல்கிறது. மில் ரோடு முக்கில் ஒரு மேடு இருந்தது. நட்டுவிட்டார்.

“அந்த மேடு என்ன மேடு?” என்றார் வெர்னா.

ஹாலிஸ் தொப்பியைச் சுழற்றினார். “ரோட்டக் கூட்டி அள்ளுற மண்ண வருஷா வருஷம் அங்கதான் கொட்டுவோம். நானே பாதி கொட்டியிருக்கேன்.”

வெர்னா பேனாவை மறுபடி திறந்தார்.

“அந்தப் பலகை நூத்தி முப்பது பவுண்டு. மடியில வச்சா லாரி ஓட்டினீங்க?”

“பக்கத்து சீட்டுல உப்பு மூட்டை இருந்துச்சு. சரி, பாதி மடியில. பாதி கியர் மேல.”

“ஊர்ல ஒருத்தருக்குமா வித்தியாசம் தெரியல?”

“டீச்சர், வெளியூர்க்காரன்தான் வண்டிய நிறுத்திப் பலகையப் படிப்பான். உள்ளூர்க்காரன் என்னைக்குப் படிச்சான்? கெழவர் ஓரின் மட்டும் வந்து கொஞ்ச நேரம் மொறைச்சுப் பாத்தாரு. மாட்டிக்கிட்டோம்னு நெனச்சேன். ‘இத இங்க நடும்போது எங்கப்பாதான் கம்பத்தப் புடிச்சாரு’ன்னுட்டுப் போயிட்டாரு.”

“அப்போ உண்மையான இடம் ஸ்டோன் ரோடுன்னு எப்படித் தெரியும்?”

“அந்த வருஷம் அக்டோபர்ல மான் வேட்டைக்குப் போனேன். லைல் வயலோரத்துல முறிஞ்ச கம்பத்தோட அடிக்கட்டை தடுக்கி விழுந்தேன்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்.”

“அதுக்குள்ள ஒரு நினைவு நாள் முடிஞ்சிருச்சே. பேண்டு வாசிச்சாங்க. எக்காளம் ஊதினவன் கண்ணு கலங்கிட்டான். அவன்கிட்டப் போய், தம்பி, நீ அழுதது ரோட்டு மண்ணுக்குன்னு எப்படிச் சொல்றது? அடுத்த வருஷம் சொல்லலாம்னு இருந்தேன். அடுத்த வருஷமும் அழுதான்.” ஹாலிஸின் குரல் இறங்கியது. “வேற யாருக்கும் தொந்தரவு இல்லன்னு விட்டுட்டேன் டீச்சர். இப்போ குவாரி வருது. சரளைய அள்ளிச் சலிச்சு நம்ம ரோடு டிபார்ட்மெண்ட்டுக்குத்தான் விப்பாங்க. அந்தப் பதினோரு பேரையும் லாரியில ஏத்தி ரோட்டுல கொட்டிருவாங்க. நான் பலகைய நகத்தலைன்னா இந்த அனுமதியே யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.”

வெர்னா பேனாவை மூடினார். பிறகு எழுந்து நின்றார். “இருபத்தொன்பது வருஷமா அந்த முக்குல நின்னு பதினோரு பேரோட பேரையும் நான் வாசிக்கிறேன். ஒரு செருப்பு தைக்கிறவர், ஒரு சமையல்காரர், அண்ணன் தம்பி ரெண்டு பேர். மழையில குடை புடிச்சு வாசிச்சிருக்கேன். அதெல்லாம் குப்பை மண்ணுக்கு வாசிச்சேன்னு சொல்றீங்க. உங்களுக்குப் பரிசு குடுக்க இது சந்தை இல்ல, மிஸ்டர் பர்டிக்.”

“அடிக்கட்டையக் காட்டினா நம்புவீங்களா?”

“காட்டுங்க. அளவு நாடாவோட வர்றேன்.”

புதன்கிழமை காலை நான்கு பேர் வயலோரத்தில் நின்றார்கள். ஹாலிஸ், கூடையில் சாண்ட்விச்சோடு ஆர்டித், அளவு நாடாவோடு வெர்னா, தன் நிலத்தில் என்ன கூத்து என்று பார்க்க வந்த லைல் கெய்ன்ஸ். லைல் கெட்டவர் இல்லை. மாடுகளை விற்றுவிட்டார், வேறு வழி தேடுகிறார், அவ்வளவுதான்.

முப்பத்தொரு வருடத்தில் சாலை இரண்டடி அகன்றிருந்தது, வாய்க்காலைத் திருப்பி வெட்டி அந்த மண்ணை ஓரமெல்லாம் கொட்டி உயர்த்தியிருந்தார்கள், புல் எதையும் காட்டிக்கொடுக்கிற மாதிரி இல்லை. ஹாலிஸ் முதல் குழியில் ஒரு கல்லை எடுத்தார். இரண்டாவது குழியில் அதன் தம்பியை எடுத்தார். மூன்றாவது குழியில் பழைய ஏர்க்கொழு ஒன்று வந்தது.

“இது எந்தப் போரோட ஆயுதம்?” என்று கேட்டார் வெர்னா.

லைல் சிரித்தார். ஹாலிஸுக்கு வியர்த்தது. அப்போது ஆர்டித், “ஏங்க, கண்ணாலயே தேடிக்கிட்டிருந்தா? அன்னைக்கு உங்களுக்குக் கண்ணே தெரியலையே. அப்புறம் எத வச்சு லாரி ஓட்டினீங்க?” என்றாள்.

ஹாலிஸ் கடப்பாரையைக் கீழே போட்டார். சாலை தொடங்கும் இடத்துக்குப் போய், நடுவில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். வெள்ளையில் பனி தள்ளுகிறவன் கண்ணால் ஓட்டுவதில்லை. சாலைக்கு அடியில் தண்ணீர் போகிற குழாய்கள் இருக்கும் இடமெல்லாம் தரை கொஞ்சம் தூக்கியிருக்கும். அங்கே தகட்டை உயர்த்தாவிட்டால் பிய்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஏற்றத்தையும் உடம்பில் எண்ணி வைத்திருப்பான். எத்தனை தடவை மேல்தார் போட்டாலும் உறைபனி அவற்றை மறுபடி அதே இடத்தில் தூக்கிவிடும். ஹாலிஸ் பாதத்தால் எண்ணினார். “பதிமூணு... இதோ பதினாலு. தகட்டத் தூக்கினேன். எறக்கினேன். எறக்கின ஒடனே டணார்.” நின்று, கண்ணைத் திறக்காமலே வலது கையை நீட்டினார். “அங்க.”

லைல் அங்கே குத்தினார். இரண்டடி ஆழத்தில் கடப்பாரை மணி மாதிரி ஒலித்தது.

கான்கிரீட்டில் நின்ற இரும்புக் குழாய். மேல்முனை தாறுமாறாக முறிந்திருந்தது. வெர்னா மண்டியிட்டு அளந்தார். கான்கிரீட்டுக்கு மேலே பதினெட்டு அங்குலம்.

“டீச்சர், மத்த ஊர்ல எல்லாம் பலகை எத்தனை அடி உயரம்?”

“ஏழு.”

“நம்ம பலகை?”

“அஞ்சரை.” வெர்னா நாடாவைச் சுருட்டினார். “இது வேலிக் கம்பமாவும் இருக்கலாம்.”

“வேலிக் கம்பத்துக்கு யாராவது கான்கிரீட் போடுவாங்களா?” என்றாள் ஆர்டித்.

“எங்க தாத்தாவா?” என்றார் லைல். “அவர் வேலிக்குக் கம்பமே போட மாட்டாரு. மாடு மேல நம்பிக்கை வச்சிருந்தாரு.”

வெர்னா சிரிக்கவில்லை. “இரும்பு இரும்புதான். சாட்சி இல்ல,” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். சாண்ட்விச்கூடத் தொடவில்லை.

வியாழன் மாலை, மண்டபத்துக்குக் கிளம்பும் முன் ஆர்டித் கணவனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: “ஒண்ணு மட்டும் கேளுங்க. கப்பல் வேணாம், பீரங்கி வேணாம், குதிரை வேணவே வேணாம். நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க.”

“வெறுமனேவா?”

“வெறுமனே.”

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம். டுவேனின் மேசையில் முட்டை வேகும் நேரம் காட்டும் கோழி வடிவ மணிக்கருவி ஒன்று இருக்கும்; அது அடித்தால் உட்கார்ந்துவிட வேண்டும். ஹாலிஸ் பேசப் போகிறார் என்று கேள்விப்பட்டு, ஊரின் நானூறு பேரில் அறுநூறு பேர் வந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியேயும் தலைகள்.

ஹாலிஸ் எழுந்தார். “எழுபத்தேழு பிப்ரவரியில நான் பலகைய இடிச்சேன். ஏப்ரல்ல தப்பான எடத்துல நட்டேன். சிப்பாய்ங்க லைலோட மேட்டுலதான் இருக்காங்க. தப்பு என்னோடது. தோண்டாதீங்க.” உட்கார்ந்துவிட்டார்.

முப்பது விநாடி. கோழி இன்னும் டிக்டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் காத்திருந்தது. எங்கே அந்தச் சேவல், எங்கே அந்தப் பேருந்து? ஒருவர், “அப்புறம்?” என்றார். இன்னொருவர், “இன்னைக்கு அவருக்கு ஒடம்பு சரியில்ல போல,” என்றார். அலங்காரம் பண்ணிச் சொன்னபோதாவது சந்தோஷமாக நம்பாமல் இருந்தார்கள். வெறுமனே சொன்னதும் வருத்தத்தோடு நம்பவில்லை. ஹாலிஸ் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்டித் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேற யாராவது பேசறீங்களா?” என்றார் டுவேன். “இல்லன்னா ஓட்டெடுப்புக்குப் போயிரலாம்.”

கடைசி வரிசையில் நாற்காலி உரசியது. வெர்னா காஸ்லர் எழுந்து முன்னால் வந்தார். காலணி முழுக்கச் சேறு. அந்த அம்மா காலணியில் சேறு என்பது போப்பாண்டவர் தலையில் கவ்பாய் தொப்பி மாதிரி. மண்டபம் தானாக அடங்கியது.

வெர்னா ஒரு சாம்பல் நிற அட்டைப் பெட்டியைத் திறந்து காகிதம் ஒன்றை எடுத்தார். “அந்தப் படையோட மருத்துவர் அவர் மனைவிக்கு எழுதின கடிதம். நகலாகத்தான் நம்மகிட்ட இருக்கு. இருபத்தொன்பது வருஷமா நூறு தடவை படிச்சிருக்கேன்.” கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “‘பள்ளத்து நிலமெல்லாம் களிமண். உறைந்து இரும்பாகிவிட்டது, கடப்பாரை எகிறுகிறது. ஓடைக்கு மேலே இருக்கும் சரளை மேடு ஒன்றுதான் மண்வெட்டிக்கு இடம் கொடுத்தது. பதினொரு பேரையும் அங்கே சேர்த்தே வைத்தோம்.’”

“மில் ரோடு முக்குல என்ன மண்ணு?” என்றார் டுவேன் மெதுவாக.

“களிமண்ணுதான்!” என்று ஐந்தாறு பேர் ஒரே சமயத்தில் சொன்னார்கள். அந்த முக்கில் தோட்டம் போட்டு முதுகொடிந்தவர்கள் அவர்கள்.

“இந்த வரி எனக்கு மனப்பாடம்,” என்றார் வெர்னா. “ஆனா பலகை அங்க நிக்கிறப்போ எனக்கு வரி கண்ணுல படல. நேத்து ராத்திரி பட்டுச்சு. இன்னைக்குக் காலையில மண்வெட்டி எடுத்துக்கிட்டு மில் ரோடு முக்குக்குப் போனேன்.”

“டீச்சர்!” என்றார் டுவேன். “அது சிப்பாய்ங்களோட கல்லறை! தோண்டினா ஜெயில்!”

“கல்லறையத் தோண்டினாத்தான் ஜெயில். ரோட்டு மண்ணத் தோண்டினா இல்ல. நாலடி தோண்டினேன். ரோட்டுல தூவுற மணல், சோடா பாட்டில் மூடி பதினாறு, காரோட கண்ணாடி துடைக்கிற குச்சி ஒண்ணு. அதுக்குக் கீழ பழைய புல்லு வேரு. அதுக்கும் கீழ, யாரும் எப்பவும் தொடாத களிமண்ணு. வாளியில கொண்டாந்திருக்கேன், வேணும்னா பாருங்க.”

யாரும் பார்க்கவில்லை. லைல் கெய்ன்ஸ் பக்கத்துச் சுவரோரம் எழுந்து நின்றார். “டுவேன், என் வயலு மறுகோடியிலயும் சரளை இருக்கு. மூணு தலைமுறைக்குக் காணும். மேட்ட விட்டுருங்க. ஆளுங்கள லாரியில ஏத்திட்டு நான் எப்படித் தூங்கறது? பலகைய நடக் கான்கிரீட் நானே கலந்து தர்றேன்.”

எங்கிருந்தோ ஒருவர் கைதட்டினார். பிறகு ஜன்னலுக்கு வெளியே இருந்தும் கேட்டது. அந்தச் சத்தத்தில் ஏரிக்கு அந்தக் கரையில் கனடாக்காரர்கள் விழித்திருக்க வேண்டும். ஹாலிஸ் முழங்காலிலிருந்து கண்ணை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கோழி கிர்ர்ர் என்று அடித்தது. டுவேன் அதன் தலையில் தட்டி நிறுத்தினார்.

“எழுத்தர் பதிவு பண்றதுக்காகக் கேக்கறேன், டீச்சர். பலகைய ஹாலிஸ் பர்டிக் இடிச்சாரு, ரெண்டரை மாசம் ஒளிச்சு வச்சாரு, ஒன்றரை மைல் தள்ளிப்போய் ரோட்டு மண்ணு மேல நட்டாரு, நாம முப்பத்தொரு வருஷம் அதுக்கு சல்யூட் அடிச்சோம். இந்த ஊரோட வரலாற்றாளரா நீங்க சொல்லுங்க. இது நடந்ததா, நடக்கலையா?”

வெர்னா திரும்பி ஹாலிஸைப் பார்த்தார். ஒரு மாணவன் வீட்டுப்பாடத்தை நாய் தின்றுவிட்டது என்று சொல்லி, பின்னாலேயே நாயையும் கூட்டிக்கொண்டு வந்தால் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

“நடந்தது,” என்றார். “எழுதிக்கோங்க.”